இடைவேளையில் எழுந்தவர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் டேரில் குழுவில் செய்தி போட்டுவிடுவான். இந்த வருடமும் போட்டான்.

"மக்களே, கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்ற ஞாயிறு, நம்ம வீட்ல, மத்தியானம் மூணு மணி. இந்த வருஷத்துப் படம் பத்து, வரிசை போட்டு எடுத்துட்டு வாங்க. பொய் சொல்றவங்களுக்கு கேக் கிடையாது."

கடைசி வரி எந்த வருடமும் மாறாது. மற்ற வருடங்களில் அந்தச் செய்தி விழுந்த நிமிடமே சண்டை ஆரம்பித்துவிடும். யாருடைய படம் குப்பை, யார் ஹீரோ முகத்துக்காக ஓட்டுப் போடுகிறவர், யாருக்கு ரசனையே கிடையாது என்று போன் சூடாகிவிடும். இந்த முறை ஆளுக்கொரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடங்கிவிட்டார்கள். எல்லாரும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யூஜினுக்குத் தெரிந்தது. அவன் கம்பெனி கேப் வண்டியின் பின் சீட்டில் இருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவனும் ஒரு கட்டைவிரலைப் போட்டான்.

குழுவுக்குப் பெயர் பால்கனி. பெங்களூர் பிரேசர் டவுனில் டேரிலும் யூஜினும் ஒரே கல்லூரியில் படித்த காலத்தில், பால்கனி டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கீழே முன் வரிசையில் கழுத்தை நிமிர்த்திப் படம் பார்த்த கூட்டம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. இப்போது எல்லாருக்கும் சம்பளம் வருகிறது. டேரிலுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஸ்ரீராம்புரத்துப் பாலகுமார் கூரியர் ஆபீஸ் ஒன்றை நடத்துகிறான். ஃபாத்திமா பள்ளி ஆசிரியை. இன்னும் நாலைந்து பேர். யூஜினின் மனைவி கேரல் கல்யாணமாகி வந்த வருடமே குழுவில் சேர்ந்தாள். ஃபாத்திமாவைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இருவரும் ஒரே பள்ளியில் பாடம் நடத்தினார்கள்.

ஓட்டு முறை எளிமையானது. முதல் படத்துக்குப் பத்து மதிப்பெண், பத்தாவது படத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வருடத்தின் வரிசை வந்துவிடும். ஆனால் சும்மா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. முதல் இடம் கொடுத்த படத்துக்காக எழுந்து நின்று வக்காலத்து வாங்க வேண்டும். மற்றவர்கள் கிழிப்பார்கள். சிப்ஸை எறிவார்கள். அதையும் தாங்கிக்கொண்டு படத்தைக் காப்பாற்ற வேண்டும். கேரல் வக்காலத்துக்கு எழுந்தால் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

குழுவில் ஒரு சட்டமும் உண்டு. அதற்கு கேரல் சட்டம் என்று பெயர். சில வருடங்களுக்கு முன் பாலகுமார் ஒரு படத்துக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தான். அவன் பேசிய விதத்தில் கேரலுக்குச் சந்தேகம் தட்டியது.

"பாலா, கிளைமாக்ஸ்ல யார் சாவறா?" என்று கேட்டாள்.

"வில்லன்தான். வேற யாரு?"

"அந்தப் படத்துல யாருமே சாவல."

வீடு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. இடைவேளையில் அவசரமாக ஆபீஸிலிருந்து போன் வந்ததும், எழுந்து போனவன் திரும்பி வரவே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. கேரல் அந்த ஓட்டை அங்கேயே அடித்தாள். "இன்டர்வெல்ல எழுந்தவனுக்கு ஓட்டு இல்ல" என்றாள். அன்றிலிருந்து அது சட்டம். யாருக்காகவும் அது வளைந்ததில்லை. போன வருடம் டேரிலின் மனைவி டோரீன், குழந்தை அழுததென்று பாதியில் எழுந்து வந்த படத்தைக்கூட கேரல் விடவில்லை. "குழந்தை அழுதா குழந்தைக்கு மார்க் போடு" என்று சொல்லிவிட்டாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூஜினும் கேரலும் 'ஏழாம் நம்பர் டெப்போ' பார்க்கப் போனார்கள். பெரிய நடிகர்கள் யாரும் இல்லாத படம். ராசாத்தி என்று ஒரு பெண் கண்டக்டர். மலையடிவார ஊருக்குப் போகும் கடைசி பஸ் அவளுடையது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. ஊர் பேசுகிறது, இவள் டிக்கெட் கிழிக்கிறாள். இடைவேளைக்குச் சற்று முன்னால், மழையில் ஒரு ஆள் ஓடி வந்து பின் படியில் ஏறுகிறான். ராசாத்தி டிக்கெட் கட்டோடு அவனிடம் போகிறாள். அது அவள் புருஷன். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கிறான். யாரோ ஒரு கண்டக்டரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். "கடைசி ஸ்டாப் ஒண்ணு" என்கிறான். அவள் கை நடுங்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறாள். இடைவேளை.

கேரல் அவன் தொடையில் ஓங்கி அடித்தாள். "நம்பர் ஒன்" என்றாள். "இந்த வருஷம் இதுதான்டா நம்பர் ஒன். இனிமே எது வந்தாலும் சரி."

விளக்கு எரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து இருந்த தலைவலி. வெளிச்சம் குத்துகிறது என்றாள். கழுத்தும் வலிக்கிறது என்றாள். யூஜின் கிளம்பலாம் என்றான். அவளும் மறுக்கவில்லை. மறுக்காததே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆட்டோவில் அவன் தோளில் சாய்ந்துகொண்டே சண்டை போட்டாள்.

"அவன் நடிக்கிறான்டா யூஜி. கண்ணைப் பாத்தியா? அவளைத் தெரிஞ்சுதான் இருக்கு."

"மறந்துட்டான். எங்கயோ அடிபட்டிருக்கும்."

"அய்ய, பழைய படமா இது? நடிக்கிறான். பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"தோத்தவங்க ஒரு மாசம் காலைல டீ போடணும்."

ஆட்டோ வீட்டுக்குப் போகவில்லை. வழியில் அவள் வாந்தி எடுத்ததும் யூஜின் ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அவன் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டான். செவ்வாய்க்கிழமை கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

குழுவில் அந்த வாரக் கடைசிக்குப் போய்ப் பார்த்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வரிசையாக ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். கேரலின் நிலை தெரியவருமுன் மற்றவர்கள் சனிக்கிழமை படம் பார்த்துவிட்டு எழுதியவை. கேரல் ஐசியூவில் இருந்தபோது ஃபாத்திமா குழுவில் ஒரு செய்தி போட்டாள். அது மட்டும் அழிக்கப்படாமல் இருக்கிறது. "கேரல் பாதிதான் பாத்திருக்கா. எழுந்ததும் மீதியைப் பாப்பா. தயவுசெய்து கதையைச் சொல்லாதீங்க." உடனே ஒவ்வொருவராகத் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டார்கள். யூஜின் அவற்றைப் படித்ததே இல்லை. அப்போது போனைப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவன் காதுபட யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஃபாத்திமா போன் செய்தாள்.

"வர்றீங்கதானே அண்ணா?"

"வரேன்."

"கட்டாயம் இல்ல. டேரில்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வரேம்மா. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"கேரலுக்கு ஒரு ஓட்டு இருக்கு. நம்பர் ஒன் எதுன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. அதைச் சேத்துக்கணும்."

பின்னால் ஃபாத்திமா வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"எந்தப் படம்னு தெரியும்ணா" என்றாள்.

"பாதிதான் பாத்தா. அதுதான் பிரச்சினை. சட்டம் அவளோடது."

"அதெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லணும்" என்றான் யூஜின். "சண்டை போடணும். நான் அவ பக்கம் வக்காலத்து வாங்கறேன். செல்லும், செல்லாது, ஏதோ ஒண்ணு. ஆனா கேட்டு முடிவு பண்ணணும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஃபாத்திமா சரி அண்ணா, சரி அண்ணா என்று கேட்டுக்கொண்டாள். அவள் வேறு எதையோ புரிந்துகொண்டாள் என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றைக்கே பாலகுமாரும் கூப்பிட்டான். அவன் தமிழில் பாதி கன்னடம், நண்பர்களை குரு என்றுதான் அழைப்பான்.

"குரு, ஃபாத்திமா சொன்னாங்க. ஒரு ஐடியா. அவங்க ஃபர்ஸ்ட் ஹாஃப் பாத்துட்டாங்க. செகண்ட் ஹாஃப் நீ பாத்துடு. புருஷன் பொண்டாட்டி ரெண்டும் ஒண்ணுதானே. ரெண்டு பாதி சேந்தா ஒரு முழு ஓட்டு. சட்டமும் கெடல."

"நல்லா இருக்கா செகண்ட் ஹாஃப்?"

"நீயே பாரு குரு" என்று சொல்லிவிட்டு, கூரியர் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

படம் ஆகஸ்டிலிருந்தே ஓடிடியில் இருந்தது. யூஜின் அதைத் தொடவில்லை. பார்த்துவிட்டால் புருஷன் நடித்தானா மறந்தானா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாது. இதுவரை இருவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த பஸ்ஸின் பின் படியில். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மனநல கவுன்சலிங்குக்கு அழைத்துப் போவார்கள்.

அந்த வருடம் வீட்டில் ஸ்டார் தொங்கவிடவில்லை. துக்க வீடென்று தெரிந்தும் பக்கத்து வீடுகளிலிருந்து கேக்கும் கல்கல் பலகாரமும் வந்தன. தட்டுகளை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. போட்டுக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. தட்டுகள் சமையலறை மேடையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கேரலின் அம்மா பிரிஸில்லா டிபன் கேரியரோடு வந்தாள். ஜூலையிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. வருவாள், சாப்பாடு வைப்பாள், தட்டுகளைக் கழுவுவாள், போவாள். மகளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. அன்று அவள் உள்ளே வரும்போது டிவியில் மழையில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"இதுதானா தம்பி அந்தப் படம்?"

"ஆமா மம்மி."

பிரிஸில்லா கேரியரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

பின் படியில் ஆள் ஏறினான். ராசாத்தி நடந்து வந்தாள். கடைசி ஸ்டாப் ஒண்ணு என்றான். டிக்கெட் கிழிந்தது. யூஜின் இடைவேளைக்காகக் காத்திருந்தான். அந்த எழுத்து வந்ததும் நிறுத்தலாம், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம், பிறகு முடிந்தால் தொடரலாம் என்று நினைத்திருந்தான். எழுத்து வரவில்லை. ஓடிடிக்காரர்கள் அதை வெட்டிவிட்டிருந்தார்கள். டிக்கெட் கிழிந்த சத்தம் அடங்குவதற்குள் விடிந்து, சேவல் கூவி, ராசாத்தி டெப்போவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரிமோட்டைத் தேடினான். அது பிரிஸில்லாவின் நாற்காலிக்குக் கீழே கிடந்தது. அதற்குள் இரண்டு காட்சிகள் போய்விட்டன. இடைவேளையைத் தாண்டியாயிற்று. தாண்டியதுகூடத் தெரியாமல் தாண்டியாயிற்று.

"ஓடட்டும் தம்பி" என்றாள் பிரிஸில்லா. "நிறுத்தி என்ன பண்ணப் போற."

கதையைக் கேட்டாள். அவன் இரண்டு வரியில் சொன்னான். புருஷன் மாதிரியே இருக்கிறான், ஆனால் அவளைத் தெரியாததுபோல டிக்கெட் வாங்குகிறான்.

"ரெட்டைப் பிறவியா இருப்பான்" என்றாள் பிரிஸில்லா. "அண்ணனோ தம்பியோ."

"இல்ல மம்மி. அப்படிப் படம் இல்ல இது."

"பாரேன்."

படம் அப்படித்தான் போயிற்று. வந்தவன் தம்பி. சிறு வயதிலேயே பிரிந்து வளர்ந்த இரட்டை. அண்ணனை யாரோ ஏமாற்றி அடைத்து வைத்திருக்கிறார்கள். தம்பி பழிவாங்க வந்திருக்கிறான். டெப்போவுக்குள் சண்டை. பஸ்கள் எரிந்தன. வில்லன் எரிந்தான். கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதிரிச் சட்டையில் நிற்க, ராசாத்தி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சரியான ஆளைக் கண்டுபிடித்தாள்.

யூஜின் இடது பக்கம் திரும்பினான். அவள் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவாள். ரெண்டு பேருமே தோத்துட்டோம்டி என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அங்கே சோபாவின் கை இருந்தது.

"முதல்ல நல்லாத்தானே போச்சு" என்று பிரிஸில்லா எழுந்தாள். "கெடுத்துட்டானுங்க." தட்டுகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுவிட்டு யூஜின் இரண்டு தாள்களை எடுத்தான். தன்னுடைய பத்துப் படங்களை எழுதினான். அதில் டெப்போ இல்லை. எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் பன்னிரண்டாவது இடத்துக்குத்தான் வரும். இன்னொரு தாளில் கேரல் என்று எழுதி, கீழே ஒன்று போட்டு, படத்தின் பெயரை எழுதினான். மற்ற ஒன்பது இடங்களும் காலி. ஒரு பாதிப் படம், ஒரு முழு வாக்கு. அவள் பக்கம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தான். கிளைமாக்ஸ் குப்பை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் பார்த்தது வேறு படம், அந்தப் படம் டிக்கெட் கிழிந்ததோடு முடிந்துவிட்டது, அந்தப் படத்தை அவள் முழுசாகத்தான் பார்த்தாள். பாலா இதற்குச் சிப்ஸ் எறிவான். டேரில் சட்டம் பேசுவான். பேசட்டும். மாஸ்க் ரோட்டைக் கடக்கும்போது தன் நடை வேகமாக இருப்பதை அவன் கவனித்தான்.

டேரிலின் வீட்டில் எல்லாரும் முன்பே வந்திருந்தார்கள். அவன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. டோரீன் கேக்கை நீட்டினாள். பெரிய துண்டு. அவனுக்கென்று சோபாவில் நடு இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். மற்ற வருடங்களில் தரையில் உட்காருவான்.

"பாலா, நீ ஆரம்பி" என்றான் டேரில். சுவரில் வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது.

பாலகுமார் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"நம்பர் ஒன், ஏழாம் நம்பர் டெப்போ."

டேரில் பலகையில் எழுதினான். யூஜின் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாலாவா?

"வக்காலத்து" என்றான் டேரில், பலகையைப் பார்த்துக்கொண்டே.

"ஃபர்ஸ்ட் ஹாஃப் சொல்லவே வேணாம். அந்த பஸ் சீன் சக்கத்தா இருக்கும். செகண்ட் ஹாஃப்..." பாலா தரையைப் பார்த்தான். "அதுவும் பரவால்ல. நல்ல கருத்து இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதையும் எறியவில்லை. நல்ல கருத்து இருக்கு என்று இந்த வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் முன்பெல்லாம் மேஜையே கவிழ்ந்திருக்கும். சிப்ஸ் கிண்ணம் நிறைந்தபடி இருந்தது.

அடுத்து டோரீன். நம்பர் ஒன், ஏழாம் நம்பர் டெப்போ. நடிப்பு நல்லா இருந்துச்சு. அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவரும். ஒவ்வொருவரும் எழுந்து, பெயரைச் சொல்லி, ஒரு வரி பேசி உட்கார்ந்தார்கள். கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போடும்போது அப்படித்தான் வரிசையாக வந்து போனார்கள். ஃபாத்திமாவின் முறை வந்தது. அவள் எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்பர் ஒன், அதேதான்" என்றாள். "அண்ணா கேட்டாரு."

யூஜின் கேட்டது இது இல்லை. ஆனால் அதை எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பலகையில் ஒரே பெயருக்கு நேராகப் பத்துகள் ஏறிக்கொண்டிருந்தன.

"பாலா" என்றான்.

"சொல்லு குரு."

"ஜூலைல இந்தப் படத்தைப் பத்தி என்ன எழுதின? அழிச்சியே."

"ஞாபகம் இல்ல."

"இருக்கு. சொல்லு."

"சும்னே விடு குரு. இப்ப எதுக்கு?"

"சொல்லுடா."

பாலகுமார் டேரிலைப் பார்த்தான். டேரில் மார்க்கர் பேனாவின் மூடியைப் பார்த்தான்.

"ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ" என்றான் பாலகுமார். குரல் இறங்கிவிட்டது. "செகண்ட் ஹாஃப் தலைவலி."

சமையலறையில் டோரீனின் குழந்தை எதையோ கீழே போட்டது. யாரும் எழுந்து போகவில்லை. யூஜினுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. கேரல் இருந்தால் சிரித்திருப்பாள். அதைச் சொல்லிக் காட்டியே பாலாவை ஒரு வருடம் வாட்டியிருப்பாள். அவன் முகம் அசையவில்லை. எல்லாரும் அந்த முகத்தைத் தவறாகப் படித்தார்கள். பாலகுமார் கிட்டே வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோ குரு" என்றான்.

"கோபம் இல்லடா. நீ எழுதினது சரிதான்."

"சரி மேன், உன் ஓட்டு" என்றான் டேரில் அவசரமாக.

யூஜின் தன் தாளைப் படித்தான். ஒன்றிலிருந்து பத்து வரை. டெப்போ அதில் இல்லை. படித்து முடித்த பிறகும் இன்னும் ஏதோ வரப்போவதுபோலக் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதான்" என்றான்.

டேரில் எழுதிக்கொண்டான். பிறகு, "இப்ப கேரல்" என்றான். "நம்பர் ஒன் எழுதிக்கலாம். அவளுக்கும் பத்து."

யூஜின் யாராவது பேசுவார்கள் என்று பார்த்தான். ஒரே ஒருவர் போதும். இன்டர்வெல்ல எழுந்தவளுக்கு ஏது ஓட்டு என்று கேட்டால் போதும். அவன் எழுந்து நிற்பான், வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்ததைச் சொல்வான். தோற்றாலும் சரி. டோரீன் இருந்தாள், அவளுடைய ஓட்டைத்தானே கேரல் போன வருடம் அடித்தாள். டோரீன் கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்லாது" என்றான் யூஜின்.

"என்ன?"

"கேரல் ஓட்டு செல்லாது. பாதிதான் பாத்தா. இன்டர்வெல்ல எழுந்துட்டா."

"இந்த வருஷம் பரவால்ல மேன்."

"சட்டம் அவளோடது, டேரில்."

"தெரியும்டா. அவளுக்காகத்தானே." டேரிலின் கண் கலங்கிவிட்டது. நல்லவன். அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தவன் அவன்தான். அவனோடு எப்படிச் சண்டை போடுவது?

"அப்ப எல்லாரும் திரும்பப் போடுங்க. நிஜ ஓட்டு. வீட்ல எதை எழுதி வச்சிருந்தீங்களோ அது."

"படிச்ச ஓட்டை மாத்தக் கூடாது" என்றான் டேரில் மெல்ல. "அதுவும் சட்டம்தானே."

கேரலின் பெயருக்கு நேராகவும் ஒரு பத்து ஏறியது. கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. இரண்டாவது வந்த படம் எங்கேயோ கீழே கிடந்தது. டேரில் பலகையைப் போட்டோ எடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஃபாத்திமா அழுதாள். யூஜினும் இரண்டு தட்டுத் தட்டினான். கையில் கேக் தட்டு இருந்ததால் சத்தம் வரவில்லை. கேரல் என்று எழுதிய தாள் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கேப்பில் ஏறியதும் போனைத் திறந்தான். பால்கனியின் முடிவை டேரில் வழக்கம்போலத் தமிழ்ப் பட ரசிகர்கள் பக்கம் ஒன்றில் போட்டிருந்தான். ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் தன் வரிசையைப் போடும் இடம் அது. கேரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பத்துப் பெயர்கள் மட்டும். மேலே, ஒன்று, ஏழாம் நம்பர் டெப்போ.

கீழே ஹரிஷ்குமார் என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். சேலம்.

"இது நம்பர் ஒன்னா? பெங்களூர்ல குளிர் ஜாஸ்தி போல. செகண்ட் ஹாஃப் பாத்தீங்களா, இல்ல இன்டர்வெல்லயே எழுந்து போயிட்டீங்களா?"

யூஜின் படித்தான். திரும்பவும் படித்தான். வண்டி மேம்பாலத்தில் ஏறியது. அவன் பதில் எழுதினான்.

"இன்டர்வெல்லயே எழுந்து போயிட்டோம்."

டோல் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதற்குக் கீழே ஒரு வரி.

"அதானே பாத்தேன். அப்ப உங்க ஓட்டு செல்லாது ப்ரோ."

யூஜின் போனை இடது பக்கம் நீட்டினான். பக்கத்து சீட்டில் வேறு டீமில் வேலை பார்க்கும் ஆள் ஒருவர் காதில் ஒயரோடு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நீட்டிய கையை மடக்கிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.